பெயரும் ஊரும் போடாத மனு

எங்கள் ஊரில் ஒரு ஆளைப் பார்த்தால் முதலில் கேட்பது எந்த ஊர் என்றுதான். சாப்பிட்டாயா என்பதுகூட அதற்கு அப்புறம்தான் வரும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வெளியூர்க் கூட்டம் வந்து மலையைச் சுற்றிவிட்டுப் போகிற திருவண்ணாமலையில் வேறு என்னத்தைக் கேட்பது? பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரைக் கேட்போம், டீக்கடையில் எதிரே நின்றவரைக் கேட்போம். ஊர் தெரிந்ததும் அங்கே யார் வீடு, அப்பா பேர் என்ன, என்ன ஆளுங்க என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டுவோம். நல்லதுக்கும் தோண்டுவோம், கெட்டதுக்கும் தோண்டுவோம். இப்படிப்பட்ட ஊரில் ஒரு பெண் எட்டு வருஷம் யாரையும் பேர் கேட்காமல், ஊர் கேட்காமல் தொழில் செய்தார் என்றால் நம்புவீர்களா? அதுவும் என்ன தொழில்? மனு எழுதிக் கொடுக்கிற தொழில்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிர்வரிசையில் என் ஜெராக்ஸ் கடை. ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைனில் அப்ளிகேஷன் போடுவது, எல்லாம் உண்டு. திங்கட்கிழமை மனு நாள். அன்றைக்கு மாவட்டமே மஞ்சள் பையில் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு வந்து இறங்கும். கடை வாசலில் தகரக் கூரை கொஞ்சம் நீட்டியிருக்கும். அதன் நிழலில் ஒரு மடக்கு மேசை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அந்த அக்கா உட்கார்ந்திருப்பார். அக்கா என்று நான் கூப்பிடுவேனே தவிர எங்கள் இரண்டு பேருக்கும் வயது ஏறக்குறைய ஒன்றுதான். அவர் என்னைப் பாய் என்பார். அவர் மட்டும் என்ன, ஊரே என்னைப் பாய் என்றுதான் சொல்லும். என் அத்தா ஒரு பேர் வைத்தார், ஆசையாகத்தான் வைத்தார். பாங்க்கில் டோக்கன் நம்பர் வந்த பிறகு அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிற கடைசி ஆளும் போய்விட்டான்.

இப்போது அந்த மேசை இல்லை. முட்டி வலி முற்றிப்போய் அக்கா கீழ்பென்னாத்தூரில் தங்கச்சி வீட்டோடு போய்விட்டார். அவர் பேர் எனக்குத் தெரியும். அவரைக் கேட்காமல் இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்பது படித்தால் உங்களுக்கே தெரியும்.

அவர் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும். அனுப்புநர் என்று எழுதுவார், கீழே மூன்று வரி காலியாக விடுவார். பெறுநர் எழுதுவார், பொருள் எழுதுவார். அதற்குக் கீழே, வந்தவர் அரை மணி நேரம் அழுது சொன்னதை எட்டே வரியில் அடக்கிவிடுவார். அழுகை குறையாமல் அடக்குவார், அதுதான் அவருடைய திறமை. எழுதி முடித்ததும் காகிதத்தைத் திருப்பி எதிரே உட்கார்ந்தவர் பக்கம் தள்ளி, மேலே பேனாவை வைப்பார். "பேரும் ஊரும் நீங்களே போட்டுக்கோங்க."

எழுதத் தெரிந்தவர்கள் போட்டுக்கொள்வார்கள். தெரியாதவர்கள்? அவர்கள் எல்லோரும் என் தலையில். "பாய் கிட்ட போங்க, அவரு போட்டுக் குடுப்பாரு." ஜெராக்ஸ் மிஷினில் காகிதம் சிக்கி நான் முழங்கை வரைக்கும் மையோடு நிற்கும்போது ஒரு கிழவர் வந்து, "அந்த அம்மா பேரு போட்டுக்கச் சொல்லிச்சுங்க" என்று நிற்பார். எனக்கு எப்படி இருக்கும்? சமையல் எல்லாம் ஒருத்தர் பண்ணி, உப்பு மட்டும் பக்கத்து வீட்டில் போய்ப் போட்டுக்கொள் என்று சொன்னால் எப்படி இருக்கும்?

பேர் கேட்காமல் இருப்பது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. அடி அண்ணாமலையிலிருந்து ஒரு அம்மா விதவை பென்ஷனுக்கு மனு எழுத வந்தது. எழுதி வாங்கிக்கொண்டு நேராக என் கடைக்குள் வந்து சண்டைக்கு நின்றது. "என்னா மனுஷிங்க அது? இவ்ளோ நேரம் என் கதய கேட்டுச்சு. நீ யாரு, எந்த ஊருனு ஒரு வார்த்த கேக்கல. நான் என்னா, நாயா, பேயா?" நான் சமாதானம் சொல்லி அனுப்பினேன். அந்த அம்மா போகும்போது அக்காவைத் திரும்பி ஒரு முறை முறைத்தது. அக்கா தலை குனிந்து அடுத்த மனுவை எழுதிக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

எல்லோரும் அப்படி இல்லை என்பதையும் சொல்லவேண்டும். ஒரு பையன், காலேஜ் முடித்தவன், தெருவிளக்கு, குழாய் என்று அடிக்கடி மனுவோடு வருவான். அவன் ஒருநாள் என்னிடம் சொன்னான். "ஊர்ப் பேரச் சொன்னா தெருவு எதுனு கேப்பாங்க பாய். தெருவச் சொன்னா மூஞ்சி மாறிடும். இந்த அம்மாகிட்ட அந்தத் தொல்லையே இல்ல." நானும் தெரு கேட்கிறவன்தான்.

பேர் தெரியாமல் அவர் எப்படி ஆட்களை நினைவு வைத்துக்கொள்வார்? காரியத்தை வைத்துத்தான். ஆறு மாதம் கழித்து ஒருவர் ரோட்டில் போனால், "ஐயா, கிணத்து மோட்டாரு கரெண்டு வந்துச்சா?" என்பார். "உங்க பொண்ணு ஸ்காலர்ஷிப்பு என்ன ஆச்சு?" என்பார். போகிறவர் அசந்து நின்றுவிடுவார். அவருடைய கிணறு தெரியும், மோட்டார் தெரியும், அண்ணன் தம்பி பாகத் தகராறு தெரியும். அவர் மட்டும் யார் என்று தெரியாது.

இன்னொரு பழக்கமும் உண்டு. பதினோரு மணிக்கு டீயோடு பன் வாங்குவார். பக்கத்தில் பசியோடு யாராவது உட்கார்ந்திருந்தால் இன்னொரு பன் வாங்கிக் கொடுப்பார். கையில் காசு கம்மியாக இருந்து ஒரே பன்தான் வாங்கினார் என்றால், அதை முழுசாக அந்த ஆளிடம் கொடுத்துவிட்டு இவர் வெறும் டீ குடிப்பார். "பிட்டுக் கொடுத்தா ரெண்டு பேருக்கும் ஆகுமே" என்று நான் ஒருமுறை சொன்னேன். "நான் பிட மாட்டேன் பாய்" என்றார். ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

பௌர்ணமி அன்றைக்கு அவர் வேலைக்கு வரமாட்டார். பஸ் முழுக்க கூட்டம், எல்லோரும் எல்லோரையும் எந்த ஊர் எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டே வருவார்கள், அதைக் கேட்க முடியவில்லை என்பார். காது வலியோ என்றுதான் நினைத்தேன். முட்டாள்தனமாக ஒரு மருந்துகூடச் சொன்னேன்.

இதெல்லாம் இப்படியே போயிருக்கும். ஒரு திங்கட்கிழமை நான் செய்த குளறுபடியால்தான் எல்லாம் வெளியே வந்தது.

அன்றைக்குக் கூட்டம் ஜாஸ்தி. எழுதத் தெரியாத இரண்டு பேர் ஒரே சமயத்தில் அக்காவிடம் மனு எழுதி வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். ஒருவர் இரண்டு காலும் விளங்காத பெரியவர், மூன்று சக்கர சைக்கிள் கேட்டு மனு. அவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அவர் மருமகன் காகிதத்தை நீட்டினான். இன்னொருவர் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மணிலாக் கடலை பயிரிடுகிறவர், கடா மாதிரி உடம்பு, பெரிய மீசை, ட்ரான்ஸ்பார்மர் கேட்டு மனு. இரண்டு காகிதத்திலும் அனுப்புநர் காலி. நான் இந்தப் பேரை அதில் போட்டேன், அந்தப் பேரை இதில் போட்டேன். படித்துப் பார்க்கவில்லை. இரண்டும் உள்ளே போய்விட்டது.

ஒரு மாதம் கழித்து அந்தக் கடா மீசைக்காரர் கடைக்கு முன்னால் புல்லட்டை நிறுத்தி இறங்கினார். கையில் ஒரு கடிதம். இரண்டு காலும் செயலிழந்த தாங்கள் மருத்துவ முகாமுக்கு நேரில் வரவும் என்று போட்டிருக்கிறது. "எனக்கு எந்தக் கால்யா வெளங்கல? சொல்லு, எந்தக் காலு?" என்று காலைத் தூக்கி என் கவுண்டர் மேல் வைத்தார். அந்தப் பக்கம் பெரியவர் வீட்டுக்கு லைன்மேன் போய், ட்ரான்ஸ்பார்மர் எங்கே வைக்கவேண்டும் என்று கேட்டிருக்கிறான். அது சிரிப்பாகப் போயிருக்கும். ஆனால் பெரியவர் அந்த முகாமை விட்டுவிட்டார், சைக்கிளுக்கு இன்னும் எத்தனையோ மாதம் தவழவேண்டும். தப்பு என்னுடையது. தப்பு நம்முடையது என்றால்தானே கோபம் ஜாஸ்தி வரும்?

கூட்டம் கலைந்து மூன்று மணி இருக்கும். அக்கா மேசையை மடக்கப் போனார். நான் போய் எதிரே நின்றேன்.

"ஏன்க்கா, வாயத் தொறந்து ஒரு பேரு கேட்டா முத்தா உதிர்ந்துடும்? எல்லாக் கதையும் கேக்கத் தெரியுது, நீ யாருனு கேக்க மட்டும் கசக்குதா? உங்களால அந்தப் பெரியவரு இன்னும் தரையில தேய்ச்சிக்கினு போறாரு. அவ்ளோ கௌரவம் இருக்குறவங்க இந்தத் தொழிலுக்கு ஏன் வரணும்?"

வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். எட்டு வருஷமாகப் பக்கத்திலேயே இருக்கிறேன், என் பேரைக்கூட ஒரு நாள் கேட்கவில்லையே என்ற கடுப்பும் உள்ளே இருந்திருக்கும். அக்கா மடக்கிய மேசையைத் திரும்பப் பிரித்து வைத்தார். உட்கார்ந்தார்.

"நான் கேட்டு ஒரு புள்ள செத்துடுச்சு பாய்" என்றார்.

நான் உள்ளேயிருந்து ஸ்டூலை எடுத்து வந்து போட்டுக்கொண்டேன்.

கல்யாணமான புதிதில் அவரும் வீட்டுக்காரரும் ஒரு தீவுக்குப் போயிருக்கிறார்கள். வீட்டுக்காரர் கொத்தனார். அங்கே கடற்கரையில் ஓட்டல் கட்ட இங்கிருந்து ஆள் எடுத்தார்கள், வேலையாட்களுக்குச் சமைக்க அக்காவும் கூடப் போனார். தீவு என்றதும் நான், "இலங்கையா?" என்றேன்.

"இல்ல பாய். எல்லாரும் அப்டித்தான் நெனைக்கிறாங்க. இது வேற, மொராலுனு ஒரு நாடு. எட்டிப் பாத்தா முடிஞ்சி போயிடும். தீவச் சுத்தி ஒரே ரோடு. நாலு கிரிவலம் போட்டா கெளம்பின எடத்துக்கே வந்துடலாம்."

அந்தத் தீவில் மலையை ஒட்டி இருக்கிறவர்கள் ஒரு கரை, தாழ்வில் இருக்கிறவர்கள் ஒரு கரை. மேட்டுக்கரை, பள்ளக்கரை என்று அக்காவே தமிழில் பேர் வைத்திருந்தார். இரண்டு பேருக்கும் ஒரே பாஷை, ஒரே சாமி, ஒரே மீன் குழம்பு. கப்பல் எந்தக் கரையில் வந்து நிற்கவேண்டும் என்று ஆரம்பித்த தகராறு. கப்பல் நிற்கிற கரைக்கு வேலை, வேலை இருக்கிற கரைக்கு மந்திரி, மந்திரி இருக்கிற கரைக்குத் துப்பாக்கி. அப்புறம் மற்றக் கரைக்கும் எங்கிருந்தோ துப்பாக்கி வந்தது. சுற்று ரோட்டில் இரண்டு இடத்தில் மரத்தை வெட்டிப் போட்டுத் தீவை இரண்டாக்கிவிட்டார்கள்.

"மூஞ்சியப் பாத்தா தெரியாது பாய். ரெண்டும் ஒரே மூஞ்சி. பேச்சுலயும் தெரியாது. அதனாலதான் கேட்டாங்க. துப்பாக்கிய வச்சிக்கினு எந்த ஊருனு கேட்டாங்க. ஊரச் சொன்னா கரை தெரிஞ்சிடும் இல்ல?"

அக்கா வேலை செய்த இடம் பள்ளக்கரை. குண்டு விழ ஆரம்பித்ததும் வெளிநாட்டு ஆட்களையும் உள்ளூர்க்காரர்களையும் ஒரு பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். வாசலில் காவல். அங்கே ஒரு பையன் மூலையில் உட்கார்ந்திருந்தான். பதினெட்டு, பத்தொன்பது வயது. நெற்றியில் பழைய வெட்டுத் தழும்பு. மூன்று நாளாக ஒரு வார்த்தை பேசவில்லை. யாராவது ஏதாவது கேட்டால் வாயைக் காட்டித் தலையை ஆட்டுவான். ஊமை என்றே எல்லோரும் நினைத்தார்கள். சாப்பாடு வாங்குகிற வரிசைக்கும் வரமாட்டான்.

"எனக்கு மனசு கேக்கல. என் பங்கு ரொட்டிய பிட்டு, பாதிய எடுத்துக்கினு போயி அவன் பக்கத்துல குந்தினேன். அந்த பாஷையில எனக்கு ஜாஸ்தி தெரியாது. மொதல்ல கத்துக்கினதே மூணு கேள்விதான். எந்த ஊரு, சாப்டியா, பேரு என்ன. நம்ம ஆளுங்க எங்க போனாலும் அதத்தானே மொதல்ல கத்துக்குவாங்க?"

"ஆமா" என்றேன்.

"எந்த ஊருப்பானு கேட்டேன். நான் பேசினதக் கேட்டு அவனுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. என் நாக்குல அவங்க பாஷ அப்டி இருக்கும் போல. சிரிச்சிட்டான் பாய். சிரிச்சிக்கினே ஊரச் சொல்லிட்டான். தெமாரினு சொன்னான்."

தெமாரி மேட்டுக்கரை ஊர். வாசலில் நின்ற காவல்காரன் காதில் விழுந்துவிட்டது. இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். பையன் கத்தவில்லை, ஓடவில்லை. எழுந்து நின்றான்.

"கையில இருந்த ரொட்டிய என்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டுப் போனான். வீணாப் போகக் கூடாதுனு நெனைச்சிருப்பான். சாப்டியானு ரெண்டாவது கேள்வி கூட நான் கேக்கல. பேரு கேக்க எங்க நேரம்?"

நான் ஏதாவது சொல்லவேண்டுமே என்று, "நீங்க வேணும்னேவா கேட்டீங்க?" என்றேன்.

"ஆசையாத்தான் கேட்டேன்" என்றார். அவ்வளவுதான். அழவில்லை. நான்தான் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் ஒரு கப்பல் வந்து வெளிநாட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டது. ஊர் வந்து சேர்ந்த பிறகு வீட்டுக்காரர் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருந்தார், அப்புறம் மாரடைப்பில் போய்விட்டார். அக்கா படித்தது பத்தாவது. வயிற்றுக்கு வேண்டுமே, மேசை போட்டு உட்கார்ந்தார்.

பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறை எடுத்தார். உள்ளே ஒரு மனு. மடித்த இடமெல்லாம் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. அவரே எழுதியது, யாருக்கு அனுப்புவது என்றும் தெரியாமல் எழுதியது. எந்தப் பள்ளிக்கூடம், எந்த மாதிரி சட்டை, நெற்றித் தழும்பு, ரொட்டி, எல்லாம் இருந்தது. 'காணாமல் போனவர் பெயர்' என்று எழுதி, எதிரே மூன்று வரி காலி.

"கூட்டிக்கினு போனவன் திரும்பி வரல, செத்துட்டான்னுதான் நெனைச்சிக்கினு இருக்கேன். ஆனாலும் இவன் இருக்கானா இல்லையானு உறுதியாத் தெரிஞ்சா போதும் பாய். அவங்க அம்மா இன்னும் வாசலப் பாத்துக்கினு இருந்தா, இங்கதான் இருந்தான், இப்டித்தான் போனான்னு நான் சொல்லணும் இல்ல? ஆனா பேரு இல்லாம யாரத் தேடுவாங்க?"

எட்டு வருஷமாக மற்றவர்கள் மனுவில் அந்த இடம் காலியாக இருந்ததைப் பார்த்து எரிச்சல்பட்டவன் நான். அவருடைய மனுவிலும் அதே இடம் காலி.

அன்றைக்குச் சாயங்காலமே கம்ப்யூட்டரில் தேடினேன். அந்தச் சண்டை எப்போதோ ஓய்ந்திருக்கிறது. இரண்டு கரையும் சேர்ந்து, காணாமல் போனவர்களைத் தேட ஒரு ஆபீஸ் திறந்திருக்கிறார்கள். தெரிந்தவர்கள் தகவல் அனுப்பலாம் என்று இங்கிலீஷில் ஒரு படிவம். மறுநாள் அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நிரப்பினேன். முதல் கட்டமே காணாமல் போனவர் பெயர். பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். அதை நிரப்பாமல் அடுத்ததற்குப் போகவே முடியாது. அழுத்தி அழுத்திப் பார்த்தேன், திரும்பத் திரும்ப அதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியது.

"பாத்தீங்களா, இதுவும் உங்கள மாதிரியே கத்துது" என்றார் அக்கா. அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

கடைசியில் அந்தக் கட்டத்தில் 'தெமாரி ஊர்ப் பையன்' என்று டைப் செய்தேன். ஏற்றுக்கொண்டது. மீதியெல்லாம் என் ஜெராக்ஸ் கடை இங்கிலீஷில் எழுதி அனுப்பினேன். தகவல் தருபவர் பெயர் என்ற கட்டத்தில் சிவப்பு நட்சத்திரம் இல்லை. "அது வேணாம் பாய், அவங்க படிச்சா என்ன நெனைப்பாங்க?" என்றார் அக்கா. விட்டுவிட்டோம்.

அப்புறம் ஒவ்வொரு திங்கட்கிழமையும் மேசை போடுவதற்கு முன்னால் ஒரு தடவை பிரிண்டர் பக்கத்தில் வந்து நிற்பார். பதில் வந்ததா என்று கேட்கமாட்டார். நான் இல்லை என்று தலையாட்டினால் போய்விடுவார். மழைக்காலம் போயிற்று. தீபத்துக்கு ஊர் நிரம்பி வழிந்து காலியாயிற்று. அதற்குள் பெரியவரின் மனுவைத் திரும்ப எழுதினோம், இந்தத் தடவை நானே அவரைச் சைக்கிள் ஏறும் வரைக்கும் விடவில்லை. மீசைக்காரர் ட்ரான்ஸ்பார்மர் வந்ததற்கு வேர்க்கடலை ஒரு மூட்டை கொண்டுவந்து போட்டார்.

தை மாதம் ஒரு திங்கட்கிழமை பதில் வந்திருந்தது. காலையில் கடை திறந்ததும் பார்த்துவிட்டேன். கையால் எழுதிய ஒரு கடிதத்தின் படம், அதன் கீழே அந்த ஆபீஸ்காரர்கள் போட்ட இங்கிலீஷ். நான் ஒரு தடவை படித்தேன். அக்கா வந்து பிரிண்டர் பக்கத்தில் நின்றார். தலையாட்டாமல் நாற்காலியை நகர்த்திப் போட்டேன். அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

தமிழில் சொல்லிக்கொண்டே படித்தேன். எழுதியிருந்தது பையனின் அம்மா.

'எங்கள் ஊரில் காணாமல் போனது ஒரே ஒருவன்தான், என் மகன். நெற்றித் தழும்பு ஏழு வயதில் படகில் விழுந்து வந்தது. அவன் உயிரோடு இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் எலும்புகளை எடுத்துக் கொடுத்தார்கள், என் கையால் அடக்கம் செய்தேன். நீங்கள் அவனை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அந்த நாட்களில் இங்கே யாரும் யாரையும் அதைக் கேட்கமாட்டார்கள். வெளியூர்க்காரியான உங்களுக்கு அது தெரிந்திருக்காது.'

நான் நிறுத்தினேன். "படிங்க பாய்" என்றார்.

'அவனுடைய கடைசி நாட்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாமல் இருந்தது. அடிபட்டுக் கிடந்தானா, பசித்து அழுதானா என்று நினைத்து நினைத்துக் கண் மூடாமல் கிடந்திருக்கிறேன். ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், ரொட்டி கொடுத்தாள், அவன் சிரித்தான், நம் ஊர்ப் பேரைச் சொன்னான் என்று இப்போது தெரிகிறது. அவன் சிரித்தான் என்பதை நான் வைத்துக்கொள்கிறேன்.'

அதற்கடுத்த வரியில் அவன் பேர் இருந்தது. படித்தேன். அக்கா திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். மூன்றாவது தடவை அவருடைய உதடும் கூடவே அசைந்தது. பையைத் திறந்து டேப் ஒட்டிய மனுவை எடுத்தார். காலியாக இருந்த இடத்தில் அந்தப் பேரைத் தமிழில் எழுதினார். எழுதி முடித்த பிறகுதான் அழுதார். வெளியே மனுக்காரர்கள் கூட்டம் சேர்ந்துவிட்டது. நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கரண்ட் இல்லை என்று பொய் சொன்னேன்.

கடிதத்தில் இன்னும் ஒரு வரி பாக்கி இருந்தது. அக்கா கண்ணைத் துடைத்ததும் படித்தேன்.

'உங்கள் பெயர் என்ன? நீங்கள் எந்த ஊர்?'

அக்கா என்னைப் பார்த்தார். "அந்த அம்மாவா கேக்குது?"

"ஆமாக்கா. அவங்கதான் கேக்குறாங்க."

அக்கா ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். அனுப்புநர் என்று எழுதினார். கீழே மூன்று வரியும் நிரப்பினார். முதல் வரியில் தன் பேர், அடுத்ததில் தெரு, அதற்கடுத்ததில் திருவண்ணாமலை. எட்டு வருஷத்தில் அவர் கையால் அந்த மூன்று வரியும் நிரம்பியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். கடிதம் பெரியதில்லை. மன்னிப்புக் கேட்டிருந்தார், வீட்டுக்காரர் போனதை எழுதியிருந்தார், எங்கள் ஊரிலும் சுற்றி வர ஒரு ரோடு இருக்கிறது, வந்தால் கூடவே நடக்கிறேன் என்று எழுதியிருந்தார். இதை இங்கிலீஷில் மாற்றி அனுப்பவேண்டியது என் பாடு.

மனம் மாறி அடுத்த வாரத்திலிருந்து எல்லோரிடமும் பேர் கேட்டார் என்று எழுதினால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். கேட்கவில்லை. மேசையை எடுக்கிற கடைசித் திங்கட்கிழமை வரைக்கும் காகிதத்தைத் திருப்பித் தள்ளிக்கொண்டுதான் இருந்தார், நானும் திட்டிக்கொண்டே பேர் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஒரு வித்தியாசம், போடுவதற்கு முன்னால் இரண்டு தடவை படித்துப் பார்ப்பேன்.

அன்றைக்குக் கடிதத்தை முடித்து என்னிடம் நீட்டியவர், என்னமோ ஞாபகம் வந்த மாதிரி திரும்ப வாங்கிக்கொண்டார். கடைசி வரிக்குக் கீழே பேனாவை வைத்தார்.

"யாரு படிச்சிக் காட்டினாங்கனு அந்த அம்மாவுக்கு எழுதணும் இல்ல?" என்றார். எழுதவில்லை. பேனா அப்படியே நின்றது. வெளியே யாரோ ஷட்டரைத் தட்டினார்கள். அவர் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"பாய், உங்க பேரு என்ன?"

சொன்னேன். ரொம்ப நாளாக வாய்விட்டுச் சொல்லாத பேர், எனக்கே யாருடையதோ போலிருந்தது. அக்கா அதை ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, குண்டு குண்டாக எழுதிக்கொண்டார்.

"நல்ல பேரு பாய்" என்றார்.